இரட்டைச் சிலிண்டர் இன்ஜின்: கிராங்க் எந்தக் கோணத்தில்?

கோவை வாசகர் கேட்டது, 19 ஆகஸ்ட் 2017

"ராயல் என்ஃபீல்டு 750 சிசியில் இரட்டைச் சிலிண்டர் வண்டி கொண்டுவரப்போகிறது என்று எங்கும் பேச்சாக இருக்கிறது. அவர்களுடைய பழைய இன்டர்செப்டர் வண்டியைப் போல இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குமாம். 750 என்றால் 60 குதிரைத்திறனுக்குக் குறையாது அல்லவா? புல்லட்டின் சத்தம் என்ன ஆகும்?"

19 ஆகஸ்ட் 2017, இரவு

முதலில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. குதிரைத்திறன் பிறகு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கிராங்க் ஷாஃப்ட் அரைத்துக் கொடுப்பது என் தொழில். புது வண்டியின் படம் கிடைத்தால் டாங்க்கின் வளைவில் என் கண் நிற்பதில்லை. உள்ளே பிஸ்டன்கள் வந்து இணையும் இரண்டு கிராங்க் பின்னும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருக்கும் என்றுதான் மனம் ஓடும். இரட்டைச் சிலிண்டர் இன்ஜினின் குணத்தை அந்தக் கோணம்தான் முடிவு செய்கிறது.

வழக்கத்தில் மூன்று வகை. 360 டிகிரி: இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும், வெடிப்பு மட்டும் மாறி மாறி நடக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. 180 டிகிரி: ஒன்று மேலே போனால் மற்றது கீழே போகும். கவாசாகி நின்ஜா 650 இப்படி. 270 டிகிரி: ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும் கணத்தில் மற்றது பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும். யமஹா 1995இல் டிஆர்எக்ஸ் 850 வண்டியில் இதைக் கொண்டுவந்தது. இன்று ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின், யமஹா எம்டி-07, டிரையம்ஃப் ஸ்ட்ரீட் ட்வின் எல்லாம் இதே வகைதான்.

என் ஊகம் 270. கொள்ளளவும் 750 வரை போகாது, 650ஐ ஒட்டி நிற்கும் என்று நினைக்கிறேன். இந்த நிறுவனத்தின் பெரிய இன்ஜின் இன்றைக்கு 535 சிசி, அதுவும் ஒற்றைச் சிலிண்டர். காற்றால் குளிரும் இன்ஜினை 750க்குக் கொண்டுபோனால் வெப்பத்தை வெளியே தள்ளுவதே பெரும்பாடாகிவிடும்.

20 ஆகஸ்ட் 2017

சத்தத்தைப் பற்றி.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சிலிண்டரும் ஆளுக்கு ஒருமுறை வெடித்து முடிக்கக் கிராங்க் 720 டிகிரி சுற்ற வேண்டும். அந்த 720ஐ எட்டு அட்சரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அட்சரத்துக்கு 90 டிகிரி. 360 கிராங்க் நான்கும் நான்கும்: தகதிமி, தகதிமி. 180 கிராங்க் இரண்டும் ஆறும்: இரண்டு அடி நெருக்கமாக விழுந்து, பிறகு நீண்ட மௌனம். 270 கிராங்க் மூன்றும் ஐந்தும்: தகிட, தகதகிட. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் மேசையில் ஓர் அடி அடித்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டரும் V எழுத்துபோல விரிந்து நிற்கும் டுகாட்டியின் 90 டிகிரி வி-ட்வினைக் கேட்டிருந்தால் இந்த நடை உங்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். அங்கேயும் இதே மூன்று, ஐந்துதான்.

புல்லட்டுக்கு எட்டு அட்சரத்துக்கும் சேர்த்து ஒரே அடி. அந்தச் சத்தத்தை எந்த இரட்டைச் சிலிண்டரும் தராது. ஆனால் 360இன் சீரான ஒலியைவிட 270இன் ஏற்ற இறக்கம் நம் காதுக்கு நெருக்கமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

20 ஆகஸ்ட் 2017, மாலை

பழைய இன்டர்செப்டரைப் பற்றி மதுரை ஐயா கேட்டிருக்கிறார்.

ராயல் என்ஃபீல்டுக்கு இரட்டைச் சிலிண்டர் புதிது அன்று. 1948இன் இறுதியில் இங்கிலாந்தில் 500 ட்வின் வந்தது. 1950களின் தொடக்கத்தில் மீட்டியோர் 700. இந்த மீட்டியோரின் அளவுகளைப் பாருங்கள்: போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மில்லிமீட்டர், மொத்தம் 692 சிசி. 350 புல்லட்டின் போரும் ஸ்ட்ரோக்கும் இதேதான். 346ஐ இரண்டால் பெருக்கினால் 692. இரண்டு புல்லட்டை அருகருகே நிறுத்திய கணக்கு. அதன்பின் கான்ஸ்டலேஷன், 1960களில் 736 சிசி இன்டர்செப்டர். 1970இல் இங்கிலாந்தில் அந்தக் கதை முடிந்தது. சென்னையில் திருவொற்றியூர் ஆலையில் மட்டும் ஒற்றைச் சிலிண்டர் தொடர்ந்து ஓடியது.

அவர்கள் ஏன் 360ஐப் பிடித்துக்கொண்டார்கள்? 1937இல் எட்வர்ட் டர்னர் டிரையம்ஃபுக்காக உருவாக்கிய ஸ்பீட் ட்வின் சந்தையை அள்ளியது, மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். வெடிப்பு சம இடைவெளியில் வருவதால் ஒரே கார்புரேட்டர் இரண்டு சிலிண்டருக்கும் சிக்கலில்லாமல் போதும். இக்னிஷனும் எளிது. கைக்கு வந்த விலை அதிர்வு. இரண்டு பிஸ்டனும் ஒரே திசையில் ஓடினால் அசையும் எடை அப்படியே இரண்டு மடங்கு. ஒற்றைச் சிலிண்டரின் நோய் முழுவதும் கூடவே வரும்.

வின்சென்ட் வி-ட்வினை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் இர்விங் இதை அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டவர். பின்களை 76 டிகிரி விலக்கி வைக்கலாம் என்று சொன்னார். பிஸ்டன் ஏறத்தாழ அந்தக் கோணத்தில்தான் உச்ச வேகத்தை எட்டுகிறது. ஒன்று நிற்கும்போது மற்றது முழு வேகத்தில் ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்றைய 270இன் விதை அதில் இருக்கிறது.

23 ஆகஸ்ட் 2017

திருச்சி நண்பர் "ராஜ்தூத் 350யும் 180 டிகிரிதான், அதன் சத்தம் சீராகத்தானே இருந்தது" என்று எழுதியிருக்கிறார். அது இரண்டு ஸ்ட்ரோக், நண்பரே. அதில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். ஆகவே 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, இடைவெளி சமம். நான்கு ஸ்ட்ரோக்கில் அதே 180 கிராங்க் நொண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ராஜ்தூத் 350யின் கிராங்க்கை அரைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துண்டு துண்டாகச் செய்து அழுத்திப் பொருத்தியது. கழற்றி, புதுப் பின்னும் ரோலர் பேரிங்கும் போட்டு, மறுபடி அழுத்தி, டயல் வைத்து நேர் பார்க்க வேண்டும். எங்கள் பட்டறைக்கு வந்த அந்த வண்டிக்காரர்கள் எல்லோருமே வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. வண்டியின் மேல் அப்படி ஒரு பிரியம்.

2 செப்டம்பர் 2017

இப்போது சுற்றும் படங்களில் இரண்டு சைலன்சர் தெரிகிறது, சிலிண்டரில் காற்றுச் செதில்கள் தெரிகின்றன. ரேடியேட்டர் இல்லை. முன்பக்கம் ஆயில் கூலர் போல ஒன்று இருக்கிறது.

இது எனக்குப் பெரிய நிம்மதி. தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய்கள், கூலன்ட் எதுவும் வேண்டாம். ஆனால் அந்த நிம்மதியோடு ஒரு கவலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மே மாதம், பிற்பகல், பாடி மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் வண்டி நிற்கிறது. காற்று ஓட்டம் இல்லை. ஆயில்தான் வெப்பத்தைச் சுமக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புது மாசுக் கட்டுப்பாட்டு விதி வரப்போகிறது. புகையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் எரியும் வெப்பநிலை கைக்குள் இருக்க வேண்டும், காற்றால் குளிரும் இன்ஜினில் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சிலிண்டருக்கு நான்கு வால்வு, குறைந்த கம்ப்ரஷன் (எரியும் முன் கலவையை நசுக்கும் விகிதம்), பெரிய ஆயில் கூலர் இருந்தால் சமாளிக்கலாம். சமாளிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

17 செப்டம்பர் 2017

270 என்று ஆகஸ்டில் எழுதினேன். இரண்டு வாரமாக மறுபக்கத்து வாதங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

360க்குச் சாதகமாக ஒன்று உண்டு: மரபு. இன்டர்செப்டர் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவருவதானால் பழைய இன்ஜினின் சத்தமும் வேண்டும் என்று நிறுவனத்தில் யாராவது அடம்பிடிக்கலாம். கவாசாகி டபிள்யூ 800 அப்படித்தான் 360இலேயே நிற்கிறது. 270க்கு அதிர்வை அடக்கும் பேலன்சர் ஷாஃப்ட் கட்டாயம், செலவு கூடும் என்பார்கள். ஆனால் இன்றைய தரத்துக்கு 360க்கும் பேலன்சர் இல்லாமல் முடியாது. அந்தச் செலவு இரண்டுக்கும் பொது.

கடைசியில் என் மனத்தை நிலைநிறுத்தியது டிரையம்ஃப். போன்வில்லை 2015 வரை 360இலேயே ஓட்டினார்கள். மரபு என்றால் அவர்களைவிட மரபுக்குச் சொந்தக்காரர் யார்? அவர்களே 2016இல் போன்வில் வரிசை முழுவதையும் 270க்கு மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் தொழில்நுட்ப மையம் வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு அதைப் பார்க்காமல் இருக்குமா?

8 நவம்பர் 2017

மிலன் மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் திரை விலகிவிட்டது. இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650. கொள்ளளவு 648 சிசி. காற்றும் ஆயிலும் சேர்ந்து குளிர்விக்கும். வால்வுகளைத் திறந்து மூட ஒற்றைக் கேம் ஷாஃப்ட், எட்டு வால்வு, பேலன்சர் ஷாஃப்ட், ஆறு கியர்.

கிராங்க் 270!

தகிட, தகதகிட. காலையிலிருந்து அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

9 நவம்பர் 2017

குதிரைத்திறன் 47 என்றதும் இங்கே பலருக்கு முகம் வாடிவிட்டது. "நின்ஜா 650 இதே சிசியில் 67க்கு மேல் தருகிறதே, இருபது எங்கே போயிற்று?" என்று நாகர்கோவில் தம்பி கேட்கிறார்.

தம்பி, 47 என்ற எண் தற்செயலாக வந்தது என்று நினைக்காதீர்கள். கிலோவாட்டுக்கு மாற்றிப் பாருங்கள், 35. ஐரோப்பாவில் ஏ2 என்று ஓர் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. பெரிய வண்டிக்கான முழு உரிமம் பெறும் முன் இளைஞர்கள் எடுப்பது. அதற்கு உச்சவரம்பு 35 கிலோவாட், கூடவே எடையில் கிலோவுக்கு 0.2 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. மற்ற நிறுவனங்கள் பெரிய இன்ஜினை இந்த உரிமத்துக்காக அடக்கி விற்கின்றன. இவர்கள் இன்ஜினையே அந்த எண்ணுக்கென்று வளர்த்திருக்கிறார்கள். உச்ச எண்ணைத் துரத்த வேண்டியதில்லை என்றானதும் கேமின் வடிவத்தையும் கம்ப்ரஷனையும் கீழ்ச் சுழற்சியின் இழுவைக்காகவே (டார்க்) வைத்துக்கொள்ள முடியும். இழுவையில் 80 சதவீதம் நிமிடத்துக்கு 2500 சுழற்சியிலேயே கிடைக்கும் என்கிறார்கள்.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நின்ஜாவின் அந்த இருபது குதிரைகள் எங்கே இருக்கும்? 8000 சுழற்சியில். நீங்கள் வளைவிலிருந்து வெளியே வருவது 3000இல்.

12 நவம்பர் 2017

குதிரைத்திறன் சண்டை ஓய்ந்தது போலிருக்கிறது. எல்லோரும் கடந்துபோன ஒரு செய்தியை எடுத்துப் பேசலாம். கிராங்க் ஒரே துண்டாக அடித்து வடித்தது.

மெக்கானிக் வேலைக்கு இது பெரிய மாற்றம். புல்லட்டின் கிராங்க் துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தியது. பிக் எண்ட், அதாவது பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராட்டின் கிராங்க் பக்க முனை, போனால் பின்னைக் கழற்றி மாற்றலாம். அந்த வேலை தெரிந்தவர்கள் புதுப்பேட்டையிலும் இருக்கிறார்கள், புதுக்கோட்டையிலும் இருக்கிறார்கள். ஒரே துண்டுக் கிராங்க்கில் கனெக்டிங் ராட்டை மோதிரம்போல நுழைக்க முடியாது. ராட்டின் அடிப்பக்கம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஷெல் பேரிங் (இரண்டு அரைவட்டத் தகடுகள்) வைத்து, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கார் இன்ஜினில் இருப்பது இதுதான்.

ஷெல் பேரிங்குக்கு ஆயில்தான் உயிர். ரோலர் பேரிங் கொஞ்சம் ஆயில் தெளித்தாலும் தாக்குப்பிடிக்கும். ஷெல்லுக்கும் ஜர்னலுக்கும் (கிராங்க்கில் ஷெல் பிடிக்கும் வழவழப்பான பகுதி) நடுவே மெல்லிய ஆயில் படலம் அழுத்தத்தோடு நிற்க வேண்டும். அது அறுந்தால் உலோகத்தின் மேல் உலோகம். படலம் சரியாக நிற்கும்வரை தேய்மானமே கிடையாது என்று சொல்லிவிடலாம். காருக்கு லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் கிராங்க் இதனால்தான் ஓடுகிறது.

என் கேள்வி ஒன்றுதான். ஜர்னல் கீறினால் கால் மில்லிமீட்டர் அரைத்துப் புது ஷெல் போட வேண்டும். அளவு குறைந்த ஷெல் உதிரிபாகக் கடையில் கிடைக்குமா? கிடைத்தால் இந்த இன்ஜின் எங்களைப் போன்ற பட்டறைகளில் இரண்டாவது ஆயுளும் வாழும். கிடைக்காவிட்டால் கிராங்க்கையே மாற்ற வேண்டிவரும். அம்பத்தூரில் எல்லா மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கும் இனி மைக்ரோமீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

12 நவம்பர் 2017, இரவு

சேர்க்க விட்டுப்போனது. 270இல் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் நிற்பது என்பதே கிடையாது. 360இலும் 180இலும் இரண்டும் ஒன்றாக நிற்கும், ஒன்றாக ஓடும். அவை ஓடும்போது கிராங்க்கிலிருந்து ஆற்றலை உறிஞ்சுகின்றன, நிற்கும்போது திருப்பித் தள்ளுகின்றன. 270இல் ஒன்று தள்ளுவதை மற்றது வாங்கிக்கொள்கிறது. பின்சக்கரத்துக்கு வரும் இழுவையில் அந்தக் குலுக்கல் குறைந்துவிடும். ஈரச் சாலையில் ஆக்சிலேட்டர் திருகும்போது இது தெரியும்.

27 செப்டம்பர் 2018

அமெரிக்க விலை வந்துவிட்டது. இன்டர்செப்டர் 5,799 டாலர். இந்திய விலை மூன்று லட்சத்துக்குள் வரும் என்கிற ஆசைக்கு இப்போது ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது.

15 நவம்பர் 2018

நேற்று அறிவித்தார்கள். இன்டர்செப்டர் 2.50 லட்சம், கான்டினென்டல் ஜிடி 2.65 லட்சம், ஷோரூம் விலை. இந்த நாட்டில் இத்தனை பெரிய இரட்டைச் சிலிண்டர் என்பது இதுவரை பணக்காரர் வீட்டு வாசலில் நின்ற வண்டி. ஹார்லி ஸ்ட்ரீட் 750 2014இல் வந்தபோதே நான்கு லட்சத்துக்கு மேல்.

தொழில்நுட்ப விவரமும் இப்போது முழுமையாகக் கிடைக்கிறது. போர் 78, ஸ்ட்ரோக் 67.8, கம்ப்ரஷன் 9.5. உச்சத் திறன் 7250 சுழற்சியில், உச்ச இழுவை 52 நியூட்டன் மீட்டர் 5250 சுழற்சியில். பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டேன். 7250இல் விநாடிக்கு 16.4 மீட்டர். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள 350 புல்லட் 5250 சுழற்சியில் ஓடும்போதே 15.75 வந்துவிடுகிறது. சுழற்சி இரண்டாயிரம் கூடியும் பிஸ்டன் படும் பாடு ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கிறது. முழுத் திறனில் ஓட்டினாலும் இந்த இன்ஜின் மூச்சிரைக்காது என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இதுதான்.

10 மார்ச் 2019

ஓட்டிவிட்டேன். நண்பரின் இன்டர்செப்டர், தாம்பரத்திலிருந்து மேல்மருவத்தூர் வரை, காலை வெயில் ஏறும் முன்.

செங்கல்பட்டு தாண்டி லாரிகளுக்குப் பின்னால் நான்காவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். முந்த இடம் கிடைத்தது. என் கை பழக்கத்தால் கிளட்ச்சைத் தேடியது, கியரைக் குறைக்க. அதற்குள் வண்டி லாரியைத் தாண்டிவிட்டது. ஆக்சிலேட்டரைத் திருகியது மட்டும்தான் நான் செய்தது. வருடக்கணக்காக ஒற்றைச் சிலிண்டரில் உடம்பு பழகியிருக்கிறது. முந்துவதற்கு முன் கியர், சத்தம், அதிர்வு, பிறகு வேகம் என்று ஒரு வரிசை உண்டு. இங்கே அந்த வரிசையே இல்லை.

கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது.

எடை 202 கிலோ. நிறுத்திவிட்டுத் தள்ளும்போது அது தெரிகிறது. மேல்மருவத்தூரில் காப்பிக் கடை வாசலில் சரிவில் நிறுத்தி, பின்னால் இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஓடும்போது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுதுவதற்கு முன் மனைவியிடம் விலையைப் பற்றி லேசாகப் பேச்சுக் கொடுத்தேன். பெண்ணின் கல்லூரிக் கட்டணம் கட்டி முடியட்டும் என்று பதில் வந்தது. நியாயம்தான்.

5 ஜூன் 2020

பிஎஸ் 6க்கு மாறிய பிறகும் 47 குதிரைத்திறன் அப்படியே இருக்கிறது. செதில்களும் அப்படியே. 2017 செப்டம்பரில் நான் பட்ட கவலைக்கு விடை.

14 பிப்ரவரி 2022

பட்டறைக்கு ஓர் இரட்டைச் சிலிண்டர் கிராங்க் வந்தது. எந்த நிறுவனத்து வண்டி என்பது இங்கே தேவையில்லை. இரண்டு ஜர்னலும் நகத்தால் தடவினால் பிடிக்கும் அளவுக்குக் கீறல். ஷெல்லில் வெள்ளை உலோகம் உரிந்து செம்பு தெரிந்தது. உரிமையாளரிடம் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அளவு பார்க்கும் கண்ணாடியில் ஆயில் தெரிந்துகொண்டே இருந்ததே" என்றார். தெரிந்தது, கறுப்பாக.

பழைய ஒற்றைச் சிலிண்டரில் இருந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆயில் குறையாமல் இருந்தால் போதாது, அழுக்கில்லாமல் இருக்க வேண்டும். வடிகட்டியை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். குளிர்ந்த இன்ஜினை முடுக்கி உறுமவிடாதீர்கள், ஆயில் அழுத்தம் எழுவதற்குச் சில விநாடி கொடுங்கள். 2017 நவம்பர் 12 குறிப்பை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

9 நவம்பர் 2024

ஏழு வருடத்துக்குப் பிறகு மறுபடி மிலன், மறுபடி புது இரட்டைச் சிலிண்டர். இந்த முறை டிவிஎஸ்ஸின் ஓசூர்.

பிஎம்டபிள்யூ எஃப் 450 ஜிஎஸ் என்று ஒரு மாதிரி வண்டியைக் காட்டியிருக்கிறார்கள். பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் 2013இலிருந்து கூட்டு. ஜி 310 ஓசூரில்தான் உருவாகிறது, இதுவும் அங்கிருந்துதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். 48 குதிரைத்திறன் (ஐரோப்பியக் கணக்கில்; இதுவும் 35 கிலோவாட்தான்), எடை 175 கிலோ. ஏ2 கணக்கை மறந்திருக்க மாட்டீர்கள்: 35 கிலோவாட்டை 175ஆல் வகுத்தால் 0.2. வரம்பின் கோட்டிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். எடையிலிருந்து ஒரு கிலோகூடக் குறைக்க முடியாது!

கிராங்க் கோணம்தான் இப்போது கேள்வி. ஆறாயிரம், ஏழாயிரம் சுழற்சிக்கு மேல் வேலை செய்யும் சிறிய இன்ஜின். அந்த வேகத்தில் 270இன் முதன்மை அதிர்வு (சுற்றுக்கு ஒருமுறை வரும் குலுக்கல்) தொல்லை. 180 வைத்தால் அது போகும், சத்தம் நொண்டும், மலைப்பாதையில் பிடிமானம் குறையும். இரண்டுக்கும் நடுவில் ஏதோ செய்வார்கள் என்று தோன்றுகிறது.

23 செப்டம்பர் 2025

நேற்றிலிருந்து புது ஜிஎஸ்டி. 350 சிசி வரை 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். 31ஆக இருந்தது 40 ஆகியிருக்கிறது. இன்டர்செப்டர், சூப்பர் மீட்டியோர், ஷாட்கன், பேர், கிளாசிக் 650 என்று அந்த 648 சிசி இன்ஜின் ஒரு குடும்பத்தையே உருவாக்கியிருக்கும் நேரத்தில் இப்படி. மகள் வேலைக்குப் போய்விட்டாள், இந்த வருடம் வாங்கிவிடலாம் என்றிருந்தேன். இன்னும் சில மாதம் தள்ளிப்போகும். எனக்குக் கோபம் வருகிறது. சாலையில் 350 சிசி வண்டி எடுத்துக்கொள்ளும் இடத்தைத்தான் 650உம் எடுத்துக்கொள்கிறது.

6 நவம்பர் 2025

ஓசூர் இன்ஜின் முடிவாகிவிட்டது. 420 சிசி, எடை 178 கிலோ. கிராங்க் பின்கள் 135 டிகிரி விலகி நிற்கின்றன. நடுவழியேதான்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பிஸ்டனின் அதிர்வை 1 என்று வைத்துக்கொண்டால், பேலன்சர் தொடும் முன், முதன்மை அதிர்வு 360இல் 2, 270இல் 1.41, 180இல் பூஜ்யம், இந்த 135இல் 0.77. சுற்றுக்கு இருமுறை வரும் இரண்டாம் நிலை அதிர்வு 360இலும் 180இலும் 2, 270இல் பூஜ்யம், 135இல் 1.41. ஆக, பெரிய அதிர்வைப் பாதியாக்கி, அதற்கு ஈடாகச் சின்ன அதிர்வைக் கொஞ்சம் ஏற்றிருக்கிறார்கள். 420 சிசியின் பிஸ்டன் சிறியது, இலேசானது, இரண்டாம் நிலை அதிர்வு ரொம்பவும் உறுத்தாது. இந்த அளவு இன்ஜினுக்கு இது நல்ல தேர்வு. 648 சிசிக்கு 270 எவ்வளவு பொருத்தமோ அவ்வளவு.

எட்டு அட்சரத்தில் இது அடங்காது. 45 டிகிரிக்கு ஓர் அட்சரம் வைத்துப் பதினாறாகப் பிரிக்க வேண்டும்.

7 நவம்பர் 2025

சேலம் தம்பி கேட்டிருப்பது நல்ல கேள்வி: வரி 350இல் கோடு கிழித்துவிட்டதே, அந்தக் கோட்டுக்குள் ஓர் இரட்டைச் சிலிண்டர் செய்ய முடியாதா?

முடியும். ஹோண்டா 1968இல் சிபி 350 என்று 325 சிசியில் 180 டிகிரி இரட்டைச் சிலிண்டர் செய்து அமெரிக்காவில் குவித்தது. 2020இல் அந்தப் பெயர் இந்தியாவுக்கு வந்தபோது சிலிண்டர் ஒன்றாகிவிட்டது.

நேற்றிரவுக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தேன். போர் 60, ஸ்ட்ரோக் 61.5. கொள்ளளவு 347.8 சிசி. 8000 சுழற்சியில் பிஸ்டன் வேகம் 16.4, இன்டர்செப்டர் படும் அதே பாடு. அதன் இன்ஜினை அதே விகிதத்தில் சுருக்கினால் இழுவை 28 நியூட்டன் மீட்டர் வருகிறது, இன்றைய ராயல் என்ஃபீல்டு 350 ஒற்றைச் சிலிண்டர் தருவது 27. திறன் மட்டும் 20இலிருந்து 28 குதிரைக்கு ஏறும். மைலேஜ் கொஞ்சம் குறையும், விலை கூடும், ஆனால் வரி 18. ஓசூரிலோ ஒரகடத்திலோ இதை யாராவது வரைந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கோணம் 270தான். 28 குதிரைக்கு 135இன் சிக்கல் வேண்டியதில்லை.

ஒரே இடத்தில் திணறுகிறேன். கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் கேம் செயினை இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் விட்டால் சிலிண்டர்கள் விலகும், பக்கவாட்டு ஆட்டம் கூடும், ஆனால் நடுவில் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். ஓரத்தில் விட்டால் இன்ஜின் ஒடுங்கும், கிராங்க் குட்டையாகி விறைப்பாக நிற்கும், ஆனால் நடுப் பேரிங் ஒல்லியாகிவிடும். இன்ஜின் வடிவமைப்பில் வேலை செய்கிறவர்கள் இங்கே இருந்தால் எந்தப் பக்கம் விடுவீர்கள் என்று எழுதுங்கள். படத்தை மாற்றி வரைகிறேன்.